ஒன்பது வருஷமாக ஒரு ஆயில் எஞ்சின்: புகையும் நானும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பு. கேரளாதான், ஆனால் வீட்டிலும் டீக்கடையிலும் தமிழ்தான் பேச்சு. ஸ்பேர் பார்ட்ஸுக்குச் சித்தூர் போனாலும் போவோம், பார்டர் தாண்டிப் பொள்ளாச்சி போனாலும் போவோம். கீழ்க்காட்டுக் கிணற்றுக்குக் கரண்ட் லைன் வராது என்று தெரிந்ததும் 2016 கடைசியில் ஒரு 5 எச்பி ஆயில் எஞ்சின் வாங்கினோம். ஒற்றை சிலிண்டர், வாட்டர் கூல்டு, 1500 சுற்று, ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி கம்பெனியால் வந்ததில்லை, நானும் நான் நம்பிய ஆட்களும் சேர்ந்து இழுத்து விட்டுக்கொண்டது.

முதல் ஒரு வருஷம் சொல்ல ஒன்றுமில்லை. முழு லோடில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் டீசல் குடித்தது, தண்ணீர் கொட்டியது. சிலிண்டருக்குள் காற்று அழுந்தாமல் வால்வைத் திறந்து வைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றினால், டீசலைத் தெளிக்கும் நாசிலில் இருந்து 'கிரிக் கிரிக்' என்று ஒரு சத்தம் வரும், அது கேட்ட பிறகு வேகம் பிடித்து லீவரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வராமல் லீவரைப் போட்டால் தோள்பட்டைதான் கழலும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் ஒரு தடவை எதிர்ப்பக்கம் உதைத்தால் கட்டை விரல் போய்விடும். எனக்குப் போகவில்லை, என் பெரியப்பா மகனுக்குப் போனது.

முதலில் வந்தது கரும்புகை. இரண்டாவது வருஷம் மார்கழியில். பாலக்காட்டுக் கணவாயில் விருச்சிகக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காய்ந்த காட்டு மண்ணெல்லாம் காற்றில்தான் இருக்கும். ஏர் ஃபில்டர் ஆயில் பாத் வகை, உள்ளே வரும் காற்றின் தூசியை அடிக்கிண்ணத்து ஆயில் பிடித்துக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றினால் ஆயில் இல்லை, களி இருந்தது. காற்றுப் போதாமல் டீசல் முழுசாக எரியவில்லை, அதுதான் கருப்பு. கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றியதும் அன்றைக்கே சரியாகிவிட்டது. இப்போது கார்த்திகையில் இருந்து தை வரைக்கும் வாரா வாரம் திறந்து பார்க்கிறேன். இன்னொரு வருஷம் இதே மாதிரி கரும்புகை வந்தபோது ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது, சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மழைக்கால நாலு மாசம் ஓட்டாமல் விட்டதன் பலன். அப்போதிருந்து எஞ்சின் நின்றால் புகைக்குழாய் வாயில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

அப்புறம் ஏர் லாக், அதாவது டீசல் போகும் பாதையில் காற்று அடைத்துக்கொள்வது. டீசலைப் பிளாஸ்டிக் கேனில் வாங்கி வைத்துப் பல மாசம் கழித்து ஊற்றும் பழக்கம் எனக்கு இருந்தது. கேனின் அடியில் தண்ணீர் சேரும், கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்து ஊற்றினால் அது நேரே ஃபில்டருக்குப் போகும். ஃபில்டர் மாற்றினேன், மாற்றியபோது காற்று பிடித்துக்கொண்டது. வரிசை இதுதான்: முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை விட வேண்டும், பிறகு நாசிலுக்கு டீசலைத் தள்ளும் டீசல் பம்பில் உள்ளது, கடைசியாக நாசில் பக்கத்து பைப் நட்டைத் தளர்த்திச் சுற்ற வேண்டும். நான் தலைகீழாகச் செய்து அரை நாள் போக்கினேன். காற்றை எடுத்த பிறகும் தினமும் திரும்பத் திரும்பக் காற்று பிடித்தால் எங்கோ ஒரு செம்பு வாஷர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு ரூபாய் சாமானுக்கு நான் ஒரு மாசம் அலைந்தேன்.

இதையெல்லாம் விடப் பெரிய கதை ஏழாவது வருஷம் நடந்தது. நாசிலும் டீசல் பம்பும் சர்வீஸ் பண்ணி நாளாயிற்று என்று இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன், செக் பண்ணி, நாசிலை 200 கிலோ பிரஷருக்கு செட் பண்ணிக் கொடுத்தார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் வந்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் காலையில் ஆரம்பித்தது: முப்பது சுற்று, நாற்பது சுற்று, பிடிக்கவே பிடிக்காது. பிடித்தால் வெள்ளைப் புகை, கண்ணெல்லாம் எரியும். சூடேறிய பிறகு புகை குறையும், ஆனால் இழுவை இல்லை, புகைக்குழாய் வழக்கத்தை விட அதிகமாகக் கொதிக்கும்.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மருந்துதான் சொன்னார்கள். "ரிங்கு போயிருச்சுங்க, லைனர் மாத்தோணும்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம், லைனர் என்பது பிஸ்டன் ஓடும் குழாய். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டனும் அதையே மலையாளத்தில் சொன்னார். பதினைந்தாயிரம் ஆகும் என்றார்கள். நடுவில் ஒருத்தர் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடித்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், டங்கென்று ஒரு இடி இடித்துத்தான் பிடித்தது. அப்படி நாலு நாள் செய்தால் இல்லாத ரிங் கம்ப்ளெயிண்ட்டும் வந்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. முந்தின வாரம் வரைக்கும் ஓடிய ரிங் பம்பைக் கழற்றி மாட்டியதும் எப்படிப் போகும்? ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் புகை நீலமாக வர வேண்டும், ஆயிலும் குறைய வேண்டும். டிப்ஸ்டிக்கில் அளவு அப்படியே இருந்தது. லீவரைக் கீழே போட்டுவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன், கம்ப்ரஷன் வந்ததும் முட்டி நின்று பந்து மாதிரித் திரும்பியது. கம்ப்ரஷன் ஓடிப் போயிருந்தால் கை அப்படியே வழுக்கிக்கொண்டு போயிருக்கும், கூடவே எங்கே சத்தம் கேட்கிறது என்று காது கொடுத்தாலும் இடம் தெரியும். புகைக்குழாயில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். எனக்கு எங்கும் கேட்கவில்லை. இந்த அஞ்சு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் யாராவது ஹெட்டில் ஸ்பேனர் வைத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நாசிலைக் கழற்றி வெளியே வைத்து பைப்பை மாட்டிச் சுற்றினேன், பனி மாதிரி தெளித்தது, நுனியில் சொட்டு இல்லை. இதைச் செய்யும்போது தெளிப்புக்கு முன்னால் கையைக் கொண்டுபோகவே கூடாது, அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

மிச்சம் இருந்தது டைமிங். கையேட்டில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 23 டிகிரி முன்னால் டீசல் போக வேண்டும் என்று இருந்தது. கயிறு போட்டு ஃபிளைவீல் சுற்றளவை எடுத்தேன், 144 சென்டிமீட்டர். அப்படியென்றால் உச்சிக் குறிக்குச் சரியாக 9.2 சென்டிமீட்டர் முன்னால். பம்பின் மேல் வாயில் இருந்த பைப்பைக் கழற்றிவிட்டு, நிற்கும் டீசலைப் பார்த்துக்கொண்டே ஃபிளைவீலைத் துளித்துளியாக நகர்த்தினேன். டீசல் மேலே உப்பி அசைகிற அந்தக் கணம்தான் கணக்கு. குறிக்கு ஆறு சென்டிமீட்டர் முன்னால்தான் அசைந்தது, அதாவது 15 டிகிரி. எட்டு டிகிரி லேட்.

பம்பைக் கழற்றினால் அடியில் கிடந்தது காரணம். பம்பு உட்காரும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும், ஷிம் என்பார்கள். மாட்டியவர் பழையதை எடுக்காமல், சர்வீஸ் பண்ணிய இடத்தில் கொடுத்ததையும் சேர்த்துப் போட்டிருந்தார். பம்பு உயர்ந்தால், அதை அடியில் இருந்து தள்ளும் கேம் இன்னும் அதிகம் தள்ளிய பிறகுதான் டீசல் போகும், பிஸ்டன் இறங்கத் தொடங்கும் நேரத்தில் பாதி டீசல் எரியாமல் வெள்ளையாக வெளியே வரும். கூடுதலாக இருந்ததை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன், ஒன்பதைத் தொட்டது. பைப்பை மாட்டிக் காற்றை எடுத்துவிட்டு லீவரைப் போட்டேன், பன்னிரண்டாவது சுற்றில் பிடித்தது. செலவு, புது வாஷர் போட்டது மட்டும்தான். ஷிம்மை ஒரேயடியாக எல்லாம் எடுத்துவிடவும் கூடாது, டைமிங் முந்தினால் 'டக் டக்' என்று தட்டும், ஹேண்டிலும் எதிர்ப்பக்கம் உதைக்கும்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆகிறது. வால்வு லேப்பிங் (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது) ஒரு தடவை, டேப்பட் கேப் (வால்வுக்கு மேல் விடும் இடைவெளி) சரிபார்ப்பது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, வேறு பெரிய வேலை இல்லை. அந்த லைனர் இன்னும் மாற்றவில்லை. விலைக்கு இது நல்ல எஞ்சின் என்பதுதான் என் அபிப்ராயம், ஆனால் தோப்புக்கு லைன் கிடைக்கிறவர்கள் மோட்டார் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள். எஞ்சின் தலையில் இருக்கும் மூடியான ராக்கர் கவரில் ஆயில் கசிவது மட்டும் வாங்கிய நாளில் இருந்து நிற்கவில்லை, மூன்று கேஸ்கட் மாற்றியாயிற்று, அடியில் ஒரு பழைய கோணிச் சாக்கைப் போட்டு வைத்திருக்கிறேன்.