எந்த ர போடணும்? சொல்வதெழுதுதலுக்குத் தயார்படுத்தும் விளையாட்டுகள், ஓர் ஒப்பீடு

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘பறவை’ என்று எழுதும்போது ப-வும் வை-யும் தானாக வந்துவிடும். நடுவில்தான் பென்சில் நிற்கும். “அம்மா, சின்ன ர-வா பெரிய ற-வா?” தமிழில் எழுத்துப்பிழை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மாதிரி இடத்தில்தான் நடக்கிறது. ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. பாடநூல்கள் மயங்கொலி என்று சொல்லும் எட்டு எழுத்துகள் இவை. குறிலுக்கு நெடில் போடுவது, புள்ளியை விடுவது என்று மற்ற பிழைகளும் உண்டு. ஆனால் சொல்லை நிதானமாக ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாலே அவற்றில் பாதி சரியாகிவிடும்.

அதனால் எழுத்து விளையாட்டு எது கண்ணில் பட்டாலும் நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: பென்சில் நிற்கும் அந்த இடத்தில் முடிவெடுப்பது யார்? பிள்ளையா, விளையாட்டுச் சாமானா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாமா? பிள்ளை கைதட்டிச் சிரித்ததை வைத்து மட்டும் மதிப்பெண் போட முடியாது. சிரிப்பு வேண்டும்தான், ஆனால் சிரிப்பே வராத சொல்வதெழுதுதல், பல வண்ண விளையாட்டுகளைவிட அதிகம் கற்றுத்தருகிறது.

பத்துத் தடவை எழுதுவதா, சொல்லிக் கேட்டு எழுதுவதா?

இம்போசிஷன் எழுதும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். மேலிருந்து கீழாக முதலில் பத்து ப. அடுத்து பத்து ற. கடைசியாகப் பத்து வை. வேலை சீக்கிரம் முடிய அதுவே கண்டுபிடித்த வழி. பக்கம் நிறைந்துவிட்டது, ஆனால் ‘பறவை’ என்ற சொல்லை அது ஒரு தடவைகூட எழுதவில்லை. ஒழுங்காக இடமிருந்து வலமாக எழுதும் பிள்ளையும் மேல்வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறது. முதல் வரியில் ‘பரவை’ என்று விழுந்துவிட்டால் பிழைக்கே பத்து முறை பயிற்சி.

சொல்வதெழுதுதலில் பார்த்தெழுத எதுவும் இல்லை. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளிலும் தமிழ் வகுப்பில் இது வழக்கமான வேலை. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். கல்லூரி மாணவர்களில் சிலர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். அது பாடப்பகுதிகளை வைத்து நடந்த ஆய்வு, எழுத்துக்கூட்டலை வைத்து அல்ல. ஆனாலும் ஞாயிறு ராத்திரி எல்லாம் தெரிந்த பிள்ளை அடுத்த வாரமே ‘எந்த ர?’ என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சொல்வதெழுதுதலின் குறை, அது பரீட்சை மாதிரியே இருப்பது. அதைப் போக்க ஆளை மாற்றிப்போட்டால் போதும். பிள்ளை டீச்சர், தாத்தா மாணவர், சிவப்புப் பேனா பிள்ளை கையில்.

“தாத்தா, பறவைக்குச் சின்ன ர போட்டுட்டீங்க!”

“அப்படியாம்மா? டீச்சர் சொன்னா சரிதான். எப்படிப் போடணும், எழுதிக் காட்டுங்க.”

இங்கே பிள்ளை விடையை முன்பே மனதில் வைத்திருந்தால்தான் திருத்த முடியும். முடிவு முழுக்க அதன் கையில். ஆனால் தாத்தா ஆர்வக்கோளாறில் பத்துச் சொல்லையும் தப்பாக எழுதக்கூடாது. பிழையான வடிவங்களைப் படித்தவர்களுக்கு அதே சொற்களை எழுதும்போது தடுமாற்றம் கூடியதை லாரி ஜாகோபியும் ஆன் ஹாலிங்ஸ்ஹெட்டும் 1990-இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது வளர்ந்த மாணவர்களை, ஆங்கிலச் சொற்களை வைத்து. பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஓரிரண்டு பிழை போதும், அதுவும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லில். சரியான வடிவத்தைப் பிள்ளையே பக்கத்தில் பெரிதாக எழுதி முடிக்க வேண்டும். அன்றைக்குத்தான் அறிமுகமான சொல்லில் இந்த வேடிக்கை கூடாது.

மணலும் அரிசியும்

மணலில் விரலால் எழுதுவதைப் புதுமையான செயல்வழிக் கற்றல் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். நம் திண்ணைப் பள்ளிகளில் அதுதான் சிலேட்டு. 1789 முதல் சென்னையில் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று பிரிட்டன் பள்ளிகளில் அது பரவியது.

ஒன்றாம் வகுப்புக்கு மணல் நல்லது. ஞ, ழ, ணை போன்ற சுழிப்பான எழுத்துகளுக்கு விரல் பழகும்; தப்பினால் ஒரு தடவு தடவினால் போதும், அடித்தல் திருத்தல் தெரியாது. ஆனால் ‘எந்த ர’ என்ற கேள்விக்கு மணலிடம் பதில் இல்லை. நோட்டில் தப்பாக எழுதும் பிள்ளை மணலிலும் தப்பாகத்தான் எழுதும். எழுத்து வடிவம் பழகிய பிள்ளையிடம் தட்டு நிறைய அரிசியைக் கொடுத்தால் கிடைப்பது பொழுதுபோக்கும், அப்புறம் பெருக்கும் வேலையும்தான். முதுகில் விரலால் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்வதும் இந்த வகைதான். கூச்சத்தில் ஒரே சிரிப்பாக இருக்கும். ர-வா ற-வா என்று முதுகு சொல்லிவிடும். ரெண்டு சுழியா மூணு சுழியா என்று எந்த முதுகாலும் எண்ண முடியாது.

ஆங்கிலத்திலிருந்து வந்த விளையாட்டுகள்

எழுத்துக் கட்டை, கலைந்த எழுத்து, சொல் தேடல் கட்டம், ஹேங்மேன் எல்லாம் 26 எழுத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. நமக்கு 247. ஹேங்மேனில் ஒவ்வொன்றாக ஊகித்துக்கொண்டு போனால் பாதியிலேயே சலித்துவிடும். சொல் தேடலில் சொல் கட்டத்துக்குள் சரியாக எழுதப்பட்டே இருக்கிறது, கண்தான் தேடுகிறது. பயணத்தில் பிள்ளையைச் சும்மா உட்கார வைக்க உதவும், அவ்வளவே.

கலைந்த எழுத்தில் ‘வை, ற, ப’ என்று மூன்று அட்டை கொடுக்கிறோம். பிள்ளை அடுக்குகிறது, கைதட்டு வாங்குகிறது. ஆனால் ற-வை எடுத்துக்கொடுத்தது யார்? நாம். இதே விளையாட்டில் ர அட்டையையும் சேர்த்து நான்காகப் போட்டு, ஒன்று மிஞ்ச வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் கை உடனே தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பயிற்சியே நடக்கிறது. கடையில் வாங்கும் கட்டைகளைவிட, பழைய காலண்டர் அட்டையை வெட்டி நீங்களே எழுதும் சீட்டுகள் இதற்குத் தோது.

சொல் சங்கிலிக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். சொல்வளத்துக்கு நல்லது. எழுத்துப்பிழைக்கு ஒன்றும் செய்யாது. பேச்சிலேயே நடப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவாரசியமானது: ண, ன, ள, ழ, ற ஐந்தும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராதவை. ரவை, லட்டு மாதிரி வந்து சேர்ந்த சொற்களை விட்டால் ர, ல-வும் அப்படித்தான். ஆக, பிள்ளை தடுமாறும் எட்டில் ந-வைத் தவிர மற்றவை அடுத்த சொல்லைத் தொடங்கும் இடத்துக்கு வருவதே அபூர்வம்.

வாயும் காலும்

“வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தான்.” இதைப் பிள்ளைகள் வேகமாகச் சொல்லி மாட்டிக்கொள்வது எந்தத் தலைமுறைக்கும் அலுக்கவில்லை. பழத்தைப் பளம் என்றோ பயம் என்றோ சொல்லும் வட்டாரங்களில் நாக்கை மடிக்கப் பழக்க இதைவிட எளிய வழி கிடையாது. ல, ள, ழ-வைப் பொறுத்தவரை வாய் சரியானால் கையும் பெரும்பாலும் சரியாகும். ஆனால் அந்த வரியை எழுதிப் பாருங்கள்: எட்டு ழ இருக்கிறது, ல என்றால் ‘பழத்தில்’ முடிவில் ஒன்றே ஒன்று, ள கிடையவே கிடையாது. அந்த ஒன்றைத் தவிர எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ழ போட்டாலே தப்பித்துவிடலாம். கலந்து வரும் வரிதான் எழுத்துக்கு உதவும். ‘வாலுள்ள குரங்கு வாளால் வாழையை வெட்டியது’ மாதிரி நீங்களே ஒன்று கட்டலாம். முதலில் வாயால், அப்புறம் நோட்டில்.

ர, ற-வுக்கு நாக்குப் பயிற்சி கைகொடுக்காது. இன்றைய பேச்சில் ஏரிக்கும் ஏறிக்கும் காதில் விழும் வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. அங்கே எனக்குப் பிடித்தது பாண்டிக் கட்டம். சாக்பீஸால் தரையில் இரண்டு பெரிய கட்டம், ஒன்றில் ர, மற்றதில் ற. ஒருவர் வாக்கியம் சொல்ல வேண்டும்: “சட்டையில் கறை.” பிள்ளை ற-வில் குதிக்க வேண்டும். “ஆற்றங்கரை.” ர. வெறும் ‘கரை’ என்று மட்டும் சொன்னால் அது நியாயமான ஆட்டம் இல்லை. பொருளைக் கேட்டு எழுத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் வேலை. தங்கைக்கு இதில் ஒரு தந்திரம் உண்டு: அக்கா எங்கே குதிக்கிறாள் என்று பார்த்து அரை நொடி கழித்துக் குதிப்பாள். ஆளுக்கொரு சொல் என்று மாற்றிக் கொடுத்தால் அது நின்றுவிடும். ல, ள, ழ-வுக்கு மூன்று கட்டம் போடலாம், ஆனால் சொல்பவரின் உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். பெரியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டு குவியல்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட நான் உயர்த்திப் பிடிப்பது ஒரு சீட்டாட்டத்தை. பார்க்க ரொம்பச் சாதாரணம். வாரத்தின் சொற்களைச் சீட்டுகளில் எழுதி, பிள்ளை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும்: ‘மனப்பாடம் வேண்டாம்’, ‘மனப்பாடம் வேண்டும்’.

எதை வைத்துப் பிரிப்பது? பக்கத்து எழுத்தை வைத்து. ட-வுக்கு முன்னால் மூணு சுழி ண்: வண்டி, நண்டு. ற-வுக்கு முன்னால் ரெண்டு சுழி ன்: கன்று, தென்றல். த-வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. ர் இரட்டிக்காது, ஆகவே காற்று, வெற்றி, நேற்று எல்லாம் யோசிக்காமல் ற்ற. சொல் முடிவில் ற் வராது. நீர், ஊர், மலர் எல்லாம் ர். சொல் தொடக்கத்தில் ந, ஒற்றுக்கு ந் என்றால் த-வுக்கு முன்னால். இந்த இரண்டோடு ந-வின் கதை ஏறக்குறைய முடிந்தது. மிச்சம் இருப்பது செந்நீர், அந்நாள் போன்ற கூட்டுச் சொற்கள். முந்நூறும் அதில் சேரும். பெரியவர்களே ‘முன்னூறு’ என்று எழுதிவிட்டுப் போகும் சொல் அது, எனவே அதைத் தயங்காமல் மனப்பாடக் குவியலில் போடுங்கள்.

காற்று, பறவை, வண்டி, மணம், பந்து, மரம், கன்று, நீர் என்று எட்டுச் சீட்டு இருந்தால், உண்மையில் நினைவில் வைக்க வேண்டியது பறவை, மணம், மரம் மூன்றுதான். மற்ற ஐந்தையும் பக்கத்து எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை கொஞ்சமா என்று பார்க்கும்போதே பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். அந்த மூன்றுக்கு மட்டும் தாத்தாவும் பாண்டிக் கட்டமும் போதும். மூன்றாம் வகுப்புக்கு முன்னால் இந்த ஆட்டம் சுமைதான். விதி புரியாமல் ஒப்பிப்பார்கள்.

கைபேசி

குரலால் தட்டச்சு செய்யச் சொன்னால் பிள்ளை ‘வாளைப்பளம்’ என்று சொல்லும், கைபேசி பெரும்பாலும் ‘வாழைப்பழம்’ என்று எழுதிக்கொடுத்துவிடும். உச்சரிப்புக்கும் பயிற்சி இல்லை, எழுத்துக்கும் இல்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழில் வாங்கும் விசைப்பலகையில் பலம், பழம், பாலம் என்று பரிந்துரைகள் வந்து நிற்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பரவாயில்லை, பாண்டிக் கட்டத்துக்கு ஏழை உறவு. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. பரிந்துரையை அணைத்துவிட்டால் எதை அழுத்துவது என்று பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும், கிட்டத்தட்ட சொல்வதெழுதுதல் மாதிரியே. ஆனால் விசைகள் இருக்கும் இடம் பழகவே தனியாக நாள் பிடிக்கும். ஆறாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.