மீதிப் பணம் வராமல் வெப்சைட்டை ஒப்படைக்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் வேளாண் கருவி விற்கும் ஒரு கடை. ஆன்லைனில் விற்க சைட் வேண்டும் என்று, தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருந்த ஒரு பையனைப் பிடித்தார்கள். பேசியது 35,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000. கடைக்காரர் வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்திலேயே, அதாவது அவருடைய ஹோஸ்டிங்கிலேயே, சைட் கட்டும் வேர்ட்பிரஸ் போட்டு, அதில் கடை வசதி தரும் வூகாமர்ஸ் ஏற்றி வேலை நடந்தது. கடைசிப் பொருளை ஏற்றிய அன்று இரவே ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலின் பாஸ்வேர்டு மாறியது. அவனுடைய அட்மின் கணக்கும் போனது. கேட்டால், "குறுவை அறுப்பு முடியட்டும் தம்பி, வசூல் வந்ததும் தந்துடுறேன்" என்று பதில். குறுவை முடிந்து, சம்பாவும் அறுத்து, தை மாதமும் போய்விட்டது. 30,000 வரவில்லை. சைட்டில் ஆர்டர் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

டெல்டாவில் உரம், விதை, மருந்து எல்லாமே அறுவடைக் கணக்கில் ஓடுபவை. அந்தத் தவணையைத்தான் சைட் செய்து தரும் உங்களிடமும் சொல்கிறார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விவசாயி அடுத்த சாகுபடிக்கு அதே கடைக்கு வந்தாக வேண்டும், அதனால் அந்தக் கடன் திரும்பும். சைட் கைக்கு வந்துவிட்டால் கடைக்காரருக்கு உங்களிடம் வர என்ன தேவை இருக்கிறது?

ஆகவே வேலையை உங்கள் சொந்த ஹோஸ்டிங்கில், உங்கள் டொமைனின் கீழ் வரும் துணை முகவரியான ஒரு சப்டொமைனில் செய்யுங்கள். தேடுபொறிகள் பட்டியலிடாதபடி வேர்ட்பிரஸ் அமைப்பிலேயே டிக் போட்டு, மேலே ஒரு பாஸ்வேர்டும் வையுங்கள். தொடங்கும்முன் 40 சதவீதம், சப்டொமைனில் முழு சைட்டையும் காட்டியதும் 40, கடைக்காரரின் டொமைனுக்கு மாற்றும்முன் மீதி 20. அதுவரை அவருக்கு 'ஷாப் மேனேஜர்' அனுமதி போதும். விலை மாற்றலாம், ஆர்டர் பார்க்கலாம், கூடுதல் வசதிக்கான பிளக்கின் ஏற்றவோ உங்கள் கணக்கை நீக்கவோ முடியாது. ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயும் அதுவரை, நிஜப் பணம் நகராத டெஸ்ட் கீயில்தான் ஓட வேண்டும். அந்தக் கேட்வே கணக்கு கடைக்காரரின் பான், வங்கிக் கணக்கில் இருக்கட்டும். "அவசரம், உங்க பேர்லயே போட்டுடுங்க" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கடையின் விற்பனை முழுவதும் உங்கள் வருமானமாகப் பதிவாகும், ரீஃபண்ட் சண்டையும் உங்கள் வாசலுக்கு வரும்.

எத்தனை பொருள் ஏற்றுவது என்று எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். 'எல்லாப் பொருளும்' என்று விட்டால் 50 என நினைத்தது 400 ஆகும். படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கிவிடும், பிறகு மங்கலாக இருக்கிறது என்று பணத்தைப் பிடிப்பார்கள். கடைக்காரரின் உறவுக்காரப் பையன் ஓசியில் தரும், சைட்டின் தோற்றத்துக்கான விலை உயர்ந்த தீம் ஜிப்பைத் தொடவே வேண்டாம். அப்படி லைசென்ஸ் உடைத்த தீம்களில், வெளியாள் நுழைய வழிவிடும் பின்வாசல் புரோகிராம் கோடு ஒளிந்திருப்பது வழக்கம். சில வாரங்களில் சைட் முழுக்க ஸ்பாம் பக்கம் முளைக்கும், பழி உங்கள் மேல் விழும்.

"10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சிருக்கேன்" என்றால், வரியாகப் பிடித்ததற்கான சான்றிதழைக் கேளுங்கள், வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கின் வரிப் பதிவிலும் பாருங்கள். அங்கே ஏறவில்லை என்றால், பிடித்த பணம் உங்கள் பெயரில் அரசிடம் இன்னும் பதிவாகவில்லை.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை முதல் வேலைக்கு முன்பே செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. 2,000 கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இன்வாய்ஸில் உத்யம் எண்ணும் கெடு தேதியும் இருந்தாலே பல பேருடைய பேச்சு மாறும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: சைட்டின் ஃபைல்களைத் தொட விடும் பழைய எஃப்டிபி கணக்கு இன்னும் திறக்கிறது என்று உள்ளே போய் சைட்டை அழித்துவிடாதீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பணம் தர வேண்டியவர் புகார்தாரர் ஆகிவிடுவார். நீங்கள் எழுதிய கோடின் பதிப்புரிமை, கையெழுத்திட்டு எழுதித் தராதவரை பெரும்பாலும் உங்களுடையதுதான். அதைக் குறிப்பிட்டு இன்வாய்ஸோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தொகை பேசிய வாட்ஸ்அப் உரையாடலை இன்றே எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். போன் மாறினால் அதுவும் போய்விடலாம்.