நன்றாகச் சூடாக்கும், கெடப்போவதைத்தான் சரியாகச் சொல்லாது: ஒரு 15 லிட்டர் கீசர்

கீசர் வாங்கப் போகிறவர்கள் கேட்பது எத்தனை லிட்டர், எவ்வளவு சீக்கிரம் சூடாகும், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதுதான். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த 15 லிட்டர், 2000 வாட் ஸ்டோரேஜ் கீசரை நான் வேறு ஒரு விஷயத்துக்காகப் பார்க்கிறேன். பழுது வரப்போகிறது என்றால் அது நமக்கு முன்னாலேயே தெரிகிறதா? பாதி தெரிகிறது, மீதியை நாம்தான் மோப்பம் பிடிக்க வேண்டும். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகை கீசர்கள் உள்ளே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

சூடாக்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர கணக்குப்படி 18 நிமிடத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும், இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். புதிதாக இருக்கும்போதே விளக்கு எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அந்த நேரம் மாறுவதுதான் முதல் துப்பு. சீக்கிரமே அணைந்து தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். விளக்கு அணையவே இல்லை, குழாயைத் திறந்தால் ஆவி சீறுகிறது என்றால் அதுவும் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான், ஆனால் அப்போது யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

சத்தம்தான் எனக்குப் பிடித்த அறிகுறி, ஏனென்றால் அதற்கு டிஸ்பிளே எதுவும் தேவையில்லை. சூடாகும்போது லேசாக ஒரு இரைச்சல் வரும், அது பரவாயில்லை. கூழாங்கற்கள் உருளுவதுபோல் கடகடவென்று வந்தால் உள்ளே உப்பு படிந்துவிட்டது என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் சூடாகும்போது கால்சியம் பிரிந்து, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட் மேல் ஓடுபோல ஒட்டிக்கொள்கிறது, அந்த ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடிக்கிற சத்தம்தான் அது. படிவம் வந்தால் எலிமென்டின் சக்தி குறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது எடுக்கும் வாட் அப்படியேதான் இருக்கிறது, வெப்பம் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் எலிமென்டே அளவுக்கு மீறிச் சூடாகி உறை வெடித்துவிடுகிறது. அப்புறம் கீசரைப் போட்டாலே, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஈஎல்சிபி சுவிட்ச் விழும். அப்படி விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருந்தாலும் அதே கதை, எர்த்திங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேஃப்டி வால்வு விஷயத்தில் இந்த மாடலுக்கு ஒரு சபாஷ். கீழே, கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறார்கள். சூடாகும்போது அதில் சொட்டுவதைப் பார்த்து பயப்பட வேண்டாம், 15 லிட்டர் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வரும்போது சுமார் 200 மில்லி விரிகிறது, அது எங்காவது போயாக வேண்டும். கீசர் அணைந்து கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வால்வைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்து இறுகிப்போயிருந்தால் அதுதான் இன்னும் ஆபத்து. சொட்டு நிற்கட்டும் என்று அதை அடைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

என் கோபமெல்லாம் ஆனோடு ராடு மேல்தான். தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தானே கரைந்து போகிற மக்னீசியம் கம்பி அது. உப்பு அதிகமான தண்ணீராக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. இந்த கீசரில் அதைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீரை வடித்து, எலிமென்டோடு சேர்த்து அடித்தட்டையே கழற்ற வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி. சர்வீசுக்கு வந்தவர் வெளியிலிருந்தே காது கொடுத்துக் கேட்டுவிட்டு “நார்மல்தான்” என்று கிளம்பப் பார்த்தார், கழற்றச் சொல்லி நின்றபிறகுதான் திறந்தார், மக்னீசியமெல்லாம் கரைந்துபோய் உள்ளே இருந்தது நடுக்கம்பி மட்டும். “இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களே” என்றார். அதுதானே பிரச்சினை! ஆனோடை மாற்றாவிட்டால் தொட்டிக்கு வாரன்டி செல்லாது என்று பல கம்பெனிகள் அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கின்றன, அதையாவது ஒருமுறை படித்துவிடுங்கள்.

தண்ணீர் பழுப்பாக வந்தால் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் திறந்து பாருங்கள், இரண்டிலும் நிறம் இருந்தால் கீசர்மேல் பழி போட முடியாது. அழுகிய முட்டை நாற்றம் வெந்நீரில் மட்டும் வந்தால், பெரும்பாலும் தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் மக்னீசியம் ஆனோடும் சேர்ந்து செய்யும் வேலை, அலுமினியம்-துத்தநாக ஆனோடு போட்டால் பல நேரம் அடங்கிவிடும். தொட்டியே கசிய ஆரம்பித்தால் மட்டும் ரிப்பேர் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், புதிதுதான் வாங்க வேண்டும்.

5-க்கு மூன்றரை கொடுக்கிறேன். ஆனோடைத் தனியாகக் கழற்றும்படி வெளியே ஒரு போல்ட் வைத்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.