ஜிம்னிக்கு 235 டயர்: 31,000 கிலோமீட்டருக்குப் பிறகு

மாருதியின் சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னியோடு கம்பெனி கொடுக்கும் டயர் 195/80 ஆர்15. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் டிஸ்க்கின் விட்டம் அங்குலத்தில். நான் போட்டிருப்பது 235/75 ஆர்15, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரைன் ரகம். போட்டது 2024 ஜனவரியில். அதற்கப்புறம் 31,000 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் சொல்கிறது. உண்மையில் 32,800 ஓடியிருக்கும். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஏறும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் இரண்டரை கிலோமீட்டர் மண் பாதை. கோடையில் சாதாரண காரே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மேல்மண் சோப்பு தேய்த்த மாதிரி ஆகிவிடும். 2023-இல் வண்டி எடுத்த முதல் மழைக்காலத்திலேயே இரண்டாவது ஏற்றத்தில் மாட்டினேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் வாழைத்தார் ஏற்றிய பழைய ஜீப் ஒன்று வந்து நின்றது. அதன் டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. டிரைவர் அண்ணன் இறங்கி வந்து, சக்கரத்தைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "காத்தை எறக்கி விடுங்க தம்பி" என்றார். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கயிறு கட்டி இழுக்கச் சொன்னேன். வீடு திரும்பியதும் பெரிய டயர் தேட ஆரம்பித்தேன். அவர் சொன்னது மண்டையில் ஏற இன்னும் ஒரு வருஷம் ஆனது.

பழைய டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். புதியது 733. நாற்பது மில்லிமீட்டர் பெரிது என்றதும் வண்டியே நாற்பது உயர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்சில் உயர்வது அதில் பாதிதான். வண்டிப் பாரத்தில் டயர் அமுங்குவதால் அந்தப் பாதியும் முழுதாகக் கிடைக்காது. பின் ஆக்சிலின் நடுவில் குண்டாகத் தொங்கும் பகுதிக்கு அடியில் டேப் வைத்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்தேன். வித்தியாசம் 17 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு விரற்கடை. டிஸ்க், டயர், பிட்டிங் எல்லாம் சேர்த்து இதுவரை எனக்கு ஆன செலவு 72,000 ரூபாய்.

டிஸ்க்கும், அதாவது டயர் உட்காரும் இரும்பு வட்டும், மாற்றவேண்டி வந்தது. வண்டியோடு வந்த டிஸ்க் ஐந்தரை அங்குல அகலம். 235/75-க்குக் குறைந்தது ஆறு அங்குலம் வேண்டும். நான் முதலில் போன கடையில், "எல்லாரும் அதே டிஸ்க்லதாண்ணே மாட்டுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். காற்றைக் குறைத்து ஓட்டப்போகிற டயரைக் குறுகலான டிஸ்க்கில் மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆறு அங்குல இரும்பு டிஸ்க் வாங்கினேன்.

வண்டியின் உடலை உயர்த்தும் லிஃப்ட் எதுவும் போடவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன்பக்கத்திலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். கீழே படுத்துப் பார்த்தால், முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்மின் உள்பக்கம் பெயின்ட் உரிந்து, இரும்பு வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தது. முன்பக்க மட் ஃபிளாப்பைக் கழற்றினேன். மெக்கானிக் ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்தார். சத்தம் நின்றது, கூடவே வண்டி ஒடிவதும் குறைந்தது. ஒரே மூச்சில் திரும்பிய கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டில் இப்போது ஒரு ரிவர்ஸ் போடவேண்டியிருக்கிறது. எதிரே பஸ் வரும்போது இது எவ்வளவு சங்கடம் என்று மலையில் ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எடையை யாரும் பேசுவதே இல்லை. நான் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். பழைய சக்கரம் டிஸ்க்கோடு 18 கிலோ. புதியது 25. ஒரு சக்கரத்துக்கு ஏழு கிலோ, அதுவும் சுற்றுகிற எடை. 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு இது நன்றாகவே தெரிகிறது. டயர் பெரிதானால் எல்லா கியரும் ஆறு சதவீதம் நீண்டுவிட்டதாகத்தான் அர்த்தம். மூன்றாவதில் ஏறிய இடமெல்லாம் இப்போது இரண்டாவது கேட்கிறது. சரி, ஏறுவதாவது பொறுமை சம்பந்தப்பட்ட விஷயம். என்னை யோசிக்க வைத்தது இறக்கம்தான். முன்பு இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும், பிரேக்கில் கால் வைக்கும் வேலை அதிகம் இருக்காது. இப்போது அதே இறக்கத்தில் வண்டி மெல்ல நழுவி வேகம் எடுக்கிறது. மழை நாளில் தேங்காய் மூட்டை வேறு பின்னால் இருந்தால் முதல் கியருக்கே வந்துவிடுகிறேன்.

மீட்டர் விஷயம். முன்பு மீட்டரில் 100 என்றால் ஜிபிஎஸ்ஸில் 95 காட்டும். இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வேகத்துக்கு இது வசதி. முன்பு சரியாகக் காட்டிய தூரத்தைத்தான் மீட்டர் இப்போது குறைத்துச் சொல்கிறது, அந்த 1,800 கிலோமீட்டர் போன இடம் இதுதான். ஆகவே, பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது என்று புலம்புபவர்கள் ஆறு சதவீதம் கூட்டிப் பார்க்கவேண்டும். எனக்கு முன்பு கலந்து ஓட்டியதில் 14.8 கிடைத்தது. இப்போது மீட்டர் கணக்கில் 12.4, திருத்தினால் 13.1. புலம்பத் தகுந்ததுதான், ஆனால் பாதாளம் இல்லை. மதுரை நான்குவழிச் சாலையில் 80-ஐத் தாண்டினால் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பழகிவிட்டது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஸ்டெப்னியில். காசு மிச்சம் என்று நான்கு டயர் மட்டும் வாங்கினேன், பின்கதவில் பழைய 195 அப்படியே தொங்கியது. ஆறு மாதத்தில், மண் பாதையில் ஒரு கூர்க்கல் பின் டயரின் சைடு வாலைக் கிழித்தது. ஸ்டெப்னியை மாட்டிய பிறகுதான் விஷயம் உறைத்தது. ஜிம்னியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹை போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒரே கணக்கில் சுற்றியாகவேண்டும். ஒரு சக்கரம் மட்டும் நான்கு சென்டிமீட்டர் சின்னதாக இருந்தால், பிடிப்புள்ள தரையில் அந்த முறுக்கு முழுவதும் கியர்களுக்குள் போய்ச் சேரும். வேறு வழியில்லாமல் டூ வீலிலேயே உருட்டிக்கொண்டு கீழே வந்தேன். மீட்டரில் மஞ்சள் விளக்கு வேறு எரிந்துகொண்டே இருந்தது. கிழிந்ததற்கு மாற்றாக ஒன்று, ஸ்டெப்னிக்கு ஒன்று என்று இரண்டு டயர் வாங்கப் போனால், கடைக்காரர் கொண்டுவந்து போட்டதில் ஒன்றின் சைடு வாலில் 1422 என்று இருந்தது. அதாவது 2022-இன் 14-வது வாரம். குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் தேடியதால் கண்ணில் பட்டது. திருப்பிக் கொடுத்தேன். முகம் சுளித்துக்கொண்டே வேறு எடுத்துக் கொடுத்தார்.

2024 கார்த்திகையில், இவ்வளவு செலவு செய்து மாட்டிய டயரோடு, அதே இரண்டாவது ஏற்றத்தில் மறுபடியும் சறுக்கினேன். டயரில் காற்று 32 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். பட்டன் இடுக்கெல்லாம் சேறு அப்பி, டயர் மொட்டையாகத் தெரிந்தது. அப்போதுதான் ஜீப் அண்ணன் ஞாபகம் வந்தது. வால்வில் ஒரு குச்சியை வைத்து அழுத்தி, நான்கிலும் 18-க்கு இறக்கினேன். டயர் தரையில் பரவி உட்கார்ந்தது. நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் ஃபோர் லோவில், பெரிதாக ஆக்சிலரேட்டர் கொடுக்காமலே ஏறிவிட்டது. பரவி உட்கார்ந்ததில் அந்த 17 மில்லிமீட்டரில் பாதி போயிருக்கும், அதைப் பற்றி அன்றைக்கு யாருக்குக் கவலை!

மனசு கேட்கவில்லை. போன வருஷ மழையில், கொட்டகையில் கிடந்த பழைய 195 டயர்களை மாட்டி, அதே 18-இல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பாதையில் மோசமான ஏற்றங்கள் மூன்று. இரண்டில் ஏறியது. மூன்றாவதில், களிமண் அதிகமுள்ள இடத்தில், வழுக்கிப் பக்கவாட்டில் போனது. ஆக, அந்த மூன்றாவது ஏற்றத்துக்கு ஆல் டெரைன் பட்டன் வேண்டும். அகலமும் உயரமும் வேண்டுமா என்றால், என் பாதைக்கு வேண்டாம். பெரிய பாறைகளில் ஏறி இறங்குபவர்களுக்கு அந்த விரற்கடை முக்கியமாக இருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றம் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. என்னை இதுவரை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. ஆனாலும் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் டயரைத்தான் பார்ப்பார்களோ என்ற நினைப்பு ஒவ்வொரு நெடும்பயணத்திலும் வந்துபோகிறது.

இப்போது பட்டன் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம். அடுத்த மழைக்குத் தாங்காது. அடுத்தது 215/75 ஆர்15 ஆல் டெரைன். கம்பெனி அளவைவிட விட்டத்தில் பத்து மில்லிமீட்டர்தான் கூடுதல், பழைய ஐந்தரை அங்குல டிஸ்க்கிலேயே உட்காரும். ஸ்டாப்பர் போல்ட்டையும் பழையபடி திருப்பிவிடலாம். போன வாரம் கடையில் சொன்னேன். "பெருசுலேருந்து சிறுசுக்கு வர்ற மொத ஆளு நீங்கதாண்ணே, வண்டி பார்க்க மொக்கையா இருக்குமே" என்றான் அந்தப் பையன். ஐந்து டயர் வேண்டும், ஐந்தும் இந்த வருஷத்தியதாக இருக்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.