ஒரு தவறும் அதைத் திருத்த வாங்கிய நான்கு பொருள்களும்

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவை மேய்க்க ஆள் தேடிய சந்நியாசியின் கதை நாம் அறிந்ததே. வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக நான் வாங்கிய ஐந்து பொருள்களைப் பற்றிய இந்த விமர்சனமும் ஏறக்குறைய அதே கதைதான். முதலில் வாங்கியது மட்டுமே தவறு. மற்ற நான்கும் அந்தத் தவறை மறைக்க வாங்கியவை.

முதல் பொருள் ஒரு ஜோடி புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர்கள். அழகான மர வேலைப்பாடு, தாழ்ந்த சுரங்களுக்கு ஐந்தரை அங்குல வூஃபர், உயர்ந்த சுரங்களுக்குப் பட்டுத்துணிக் குமிழ் ட்வீட்டர். கடையில் கேட்டபோது குரல் எதிரே நின்று பாடுவதுபோல் இருந்தது. வீட்டில் கேட்டபோது அதே குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது. ஒலியளவுக் குமிழை முக்கால் பங்குக்குமேல் திருப்பினால்தான் உயிர் வரும். அப்படிப் பத்து நிமிடம் ஓடினால், என்னிடம் முன்பே இருந்த 40 வாட் ஆம்ப்ளிபயர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். ஆம்ப்ளிபயருக்கு வயதாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவுதான் அடுத்த இரண்டு ஆண்டுச் செலவுக்கு வித்திட்டது.

உண்மையான காரணம் விவரத்தாளிலேயே இருந்தது. நான்தான் பாதியை மட்டும் படித்திருந்தேன். உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 87 டெசிபல் என்று அச்சிட்டிருந்தார்கள். சுமாரான எண், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கடுத்து, சிறிய எழுத்தில், அது 2.83 வோல்ட்டில், ஒரு மீட்டர் தொலைவில் அளந்தது என்றும், இரண்டு வரி கீழே ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் என்றும் இருந்தன. 2.83 வோல்ட் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செல்லும்போது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்குச் செல்லும்போது 2 வாட். ஆகவே 1 வாட்டுக்கு என்று கணக்கிட்டால் இந்த ஸ்பீக்கரின் உணர்திறன் 84 டெசிபல்தான். அச்சிட்டது பொய் இல்லை; ஆனால் படிப்பவர் கணக்குப் போட மாட்டார் என்ற நம்பிக்கையில் அச்சிட்ட உண்மை. அதோடு, பெயரளவில் 4 ஓம் என்று குறிக்கப்படும் ஸ்பீக்கரின் மின்தடை சில அதிர்வெண்களில் 3.2 ஓம் வரை இறங்கலாம் என்று சர்வதேசத் தரநிலையே இடம் தருகிறது. என் ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்திலோ, 6 ஓமுக்குக் குறைவான ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. பாவம், மின்தடை குறைந்ததால் கூடிய சுமையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் கடமையைச் செய்துதான் அது அணைந்திருக்கிறது.

கடையில் மட்டும் ஏன் நன்றாக ஒலித்தது என்பதற்கும் விடை எளிது. அங்கே அதை இயக்கியது என்னுடையதைப்போல் பல மடங்கு திறனுள்ள ஆம்ப்ளிபயர். மேலும், இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது சத்தம் கூடியதாக உணராமல் தரம் கூடியதாகவே எடுத்துக்கொள்ளும். விற்பவர் ஏமாற்ற நினைக்கவே வேண்டாம். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் போதும்.

இரண்டாவது பொருள், ஆம்ப்ளிபயருக்கு மாற்றாக வந்த ஏவி ரிசீவர்; பல ஸ்பீக்கர்களை இயக்குவதோடு, தொலைக்காட்சிக்குப் படத்தையும் கடத்தும் பெட்டி. பெட்டியின்மேல் "7 × 100 வாட்" என்று இருந்தது; ஏழு சேனல்கள், அதாவது ஏழு ஸ்பீக்கர்களுக்கான வழிகள், ஒவ்வொன்றுக்கும் 100 வாட். பயனர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த 100 வாட் எப்படி வந்தது என்ற விளக்கம் இருந்தது: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத ஒலிச் சிதைவு, ஒரே ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது. ஏழும் ஒருசேர இயங்கினால் எவ்வளவு என்று எங்கும் இல்லை. பின்பக்க ஒட்டுச்சீட்டில் மின்நுகர்வு 430 வாட் என்றிருந்தது. அந்த எண் உச்ச நுகர்வைக் குறிப்பதில்லை என்பது தெரிந்தாலும், 430 வாட் குடித்து 700 வாட் கொடுக்கும் பெட்டியைப் பார்த்துச் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இத்தகைய எண் விளையாட்டைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தார்கள், 2024இல் அதைத் திருத்தவும் செய்தார்கள் என்பதிலிருந்தே இது எவ்வளவு பழைய வியாதி என்பது விளங்கும். கணநேர உச்சத் திறனைச் சொல்லும் பிஎம்பிஓ என்ற பெயரில் சின்னஞ்சிறு பெட்டிகள் ஆயிரக்கணக்கான வாட் பேசிய காலத்தை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

சரி, 100 வாட் முழுதாகக் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 40 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது ஏறத்தாழ 4 டெசிபல். ஒலி இரு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும், அதாவது 400 வாட். நான் பெற்றதோ, குமிழை அரை அங்குலம் குறைவாகத் திருப்பும் சலுகை. ஏழு சேனல்களில் ஐந்து, நான் வைத்திருந்த காலம் முழுவதும் ஒரு கம்பியைக்கூடப் பார்க்கவில்லை. இதற்குமேல், பெட்டியில் 4கே என்ற முத்திரை இருந்தும், நகல் தடுப்புக்கான எச்டிசிபி 2.2 அதில் இல்லை. புதிய 4கே சாதனத்தை அதன் வழியாகத் தொலைக்காட்சிக்கு இணைத்த அன்று கறுப்புத் திரைதான் தெரிந்தது. ஒலிப்பெருக்கும் பகுதி இருபது ஆண்டு உழைக்கக்கூடியது. அதே பெட்டிக்குள், படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ பலகையோ மூன்றே ஆண்டில் கிழடாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே உறைக்குள் வாங்குவது, கடிகாரத்துக்குள் நாட்காட்டியை ஒட்டி வாங்குவதற்குச் சமம்.

மூன்றாவதாக வாங்கிய ஸ்பீக்கர் கேபிளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விரல் பருமன், பின்னல் உறை, பொன்முலாம் பூசிய முனைகள். நான் முன்பு பயன்படுத்திய 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி, மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பி வரும் தொலைவுக்குக் காட்டும் மின்தடை 0.04 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் அதனால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இல்லாத இழப்பை மீட்க நான் செலவழித்த தொகையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

நான்காவது பொருள்தான் உண்மையிலேயே வருந்த வைத்தது. குரல் தூரத்தில் கேட்பதற்கு ஒலியின் அடித்தளம் போதாததே காரணம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, மிகத் தாழ்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் பன்னிரண்டு அங்குலச் சப்வூஃபர் ஒன்றை வாங்கினேன். இடம் இல்லாததால் அறையின் மூலையில் வைத்தேன். முதல் நாள் இரவு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததைக் கேட்டுப் பூரித்துப்போனேன். மூன்றாம் நாள் தலைவலி வந்தது. பேஸ் கிட்டார் வரும் பாட்டுகளில் ஒரே ஒரு சுரம் மட்டும் பானைக்குள் கத்துவதுபோல் வீங்கி ஒலித்தது, அடுத்த இரண்டு சுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. எழுந்து அறையின் நடுவுக்கு நடந்தால் அந்த வீங்கிய சுரம் திடீரென்று மறைந்துவிடும். மீண்டும் சோபாவில் வந்து உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். ஒருநாள் பாட்டை ஓடவிட்டு, அளவு நாடாவையும் கையில் பிடித்துக்கொண்டு, அறைக்குள் அங்குமிங்கும் நடந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

என் அறை 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை நிலைகொள்ளும் முதல் அதிர்வெண், வேகத்தை அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். எனக்கு அது 43 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில்தான் ஒலி மேடுபோல் வீங்கும். நீளமும் அகலமும் வேறுபட்டிருந்தால் இந்த மேடு இரண்டு அதிர்வெண்களில் பிரிந்து விழுந்திருக்கும். சதுர அறையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதாவது மேட்டின் உச்சிக்கு ஒட்டியே. சப்வூஃபரை மூலையில் வைத்தால் அறையின் இத்தகைய அலைகள் அனைத்தும் முழு வலுவோடு எழும். என் சோபாவோ பின்சுவரோடு ஒட்டியிருந்தது, அங்கேதான் அந்த அலையின் ஒலியழுத்தம் உச்சம். அறையின் நடுவில் அது பூஜ்யம். வாங்கிய கருவியில் ஒரு குறையும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அது 25 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும் நல்ல கருவி. அதைத் தாங்கும் அறைதான் என்னிடம் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் ஐந்தாவது பொருளை வாங்கினேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒலியை உறிஞ்சும் என்று சொல்லி விற்கப்படும் 25 மில்லிமீட்டர் நுரைப் பலகைகளைப் பின்சுவர் முழுக்க ஒட்டினேன். 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர்; அதற்கு முன்னால் ஒரு அங்குல நுரை, யானைக்கு முன்னால் கொசுவலை. வீக்கம் அப்படியே இருந்தது. உறிஞ்சப்பட்டவை உயர் அதிர்வெண்கள் மட்டுமே, அதனால் ஜால்ராவும் வயலினின் மேல்சுரங்களும் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து கேட்டன. பலகைகளைப் பிடுங்கியபோது சுவரின் வண்ணமும் கூடவே வந்தது.

பணம் செலவாகாத திருத்தமே கடைசியில் பலன் தந்தது. சோபாவைப் பின்சுவரிலிருந்து 1.3 மீட்டர் முன்னால் இழுத்தேன்; அறையின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவு. அங்கே 43 ஹெர்ட்ஸின் அழுத்தம் சுவரோரத்தில் இருந்ததில் பாதிதான், அதாவது 6 டெசிபல் குறைவு. கதவுக்குப் போகும் வழியில் சோபா நிற்பதாக வீட்டில் தினமும் வழக்கு நடக்கிறது, அது வேறு. அந்த ஸ்பீக்கர்களை விற்றுவிட்டு, 8 ஓம், 89 டெசிபல் உள்ள ஒரு பழைய ஜோடியை வாங்கினேன். தோற்றத்துக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண்தான் தருவேன். ஆனால் 84க்கும் 89க்கும் இடையிலான 5 டெசிபல், ரிசீவரால் கிடைத்ததைவிட அதிகம். அதே பழைய 40 வாட் ஆம்ப்ளிபயர் இப்போது குமிழ் பாதியைத் தாண்டாமலே அறையை நிறைக்கிறது. மணிக்கணக்கில் ஓடினாலும் இளஞ்சூடுதான். ஐந்து பொருள்களில் இன்றும் பயன்பாட்டில் இருப்பது அந்த விரல் பருமன் கேபிள் ஒன்றே, அதுவும் கம்பி என்ற தகுதியில்.

சப்வூஃபரைக் கடந்த வாரம் விற்றேன். வாங்க வந்த இளைஞரிடம், உங்கள் அறையின் நீளம் அகலம் என்ன என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "இது எத்தனை வாட் சார்?" என்றார். சொன்னேன். மகிழ்ச்சியோடு தூக்கிக்கொண்டு போனார்.