ஈரத்தரைக்கு எந்த விரிப்பு? கோத்தகிரி வீட்டில் ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின்

சென்ற ஆவணியில் கோத்தகிரியில் எங்கள் புது வீட்டிற்குப் பால் காய்ச்சியபோது சுவருக்கு வண்ணம் இருந்தது, சன்னலுக்குக் கண்ணாடி இருந்தது, தரைக்கு மட்டும் ஒன்றுமில்லை. சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்த சாம்பல் நிறத் தரையோடு எங்கள் பணம் தீர்ந்துபோயிருந்தது. டைல்ஸ் பதிக்க விசாரித்ததில், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றும் வண்டி வாடகை, எம்-சாண்ட், சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 130 ரூபாய் ஆகும் என்றார்கள். கூடம், இரண்டு படுக்கையறைகள், சமையலறை ஆகிய நான்கும் சேர்ந்து 458 சதுர அடி என்பதால், ஏறத்தாழ 60,000 ரூபாய் வேண்டியிருந்தது. என் மாமியார், "பால் பொங்கிருச்சு, கால் வைக்கத்தான் இடமில்லை" என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மூட்டு வலிக்காரர், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

எனவே, விரிப்புகளைக் கொண்டே தரையை மூடிவிடுவது என்று முடிவு செய்து, ஓராண்டில் ஐந்து வகைப் பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ புது வீடு கட்டியவர்களுக்கு இந்த மதிப்புரையின் பெரும்பகுதி பொருந்தாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கிக்கொள்ளும் கிழக்குச் சரிவில் இருக்கும் வீட்டிற்கு வேண்டியது வேறு. இங்கே தரையின் அழகு மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி ஈரம், இரண்டாவது குளிர்.

முதலில் வாங்கியது, கடைகளில் இன்றும் லினோலியம் என்றே சொல்லி விற்கப்படும் வினைல் விரிப்பு. உண்மையான லினோலியம் என்பது 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் உருவாக்கியது. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் சணல் துணியின் மேல் படியவைத்துச் செய்யப்படுவது. நமக்குக் கிடைப்பது அதன் பெயரை மட்டும் சுமக்கும் பிவிசி சுருள். மரப்பலகை போன்ற அச்சு, ஒரு மில்லிமீட்டர் தடிமன், சதுர அடி 28 ரூபாய் என்று பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் விலையைச் சதுர அடியில் கணக்கிடும் கடைக்காரர், சுருளின் அகலம் ஆறரை அடி என்பதை நாம் கேட்டால்தான் சொல்வார். எங்கள் பின்புறப் படுக்கையறை 10 அடிக்கு 11 அடி. ஆறரை அடி அகலத்தில் இரண்டு பட்டைகளை 11 அடி நீளத்திற்கு வெட்டியதால், 110 சதுர அடி அறைக்கு 143 சதுர அடி வாங்கி 4,004 ரூபாய் கொடுத்தோம். பட்டைகளைக் குறுக்கே, 10 அடி நீளத்திற்கு வெட்டியிருந்தால் 130 சதுர அடியே போதும். 364 ரூபாய் மிஞ்சியிருக்கும். இதை நான் கண்டுபிடித்தது வீட்டிற்கு வந்து தாளில் வரைந்து பார்த்த பிறகு. 8 அடிக்கு 10 அடி சமையலறைக்கு இந்தத் தவறைச் செய்யாமல், 8 அடி நீளப் பட்டைகள் இரண்டாக 104 சதுர அடி மட்டும் வாங்கினேன். அதற்கு 2,912 ரூபாய் ஆயிற்று. கடைக்குப் போகும் முன் அறையின் அளவைத் தாளில் இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பின்புற அறையில் ரப்பர் பசை தடவி ஒட்ட, கடைக்காரர் அனுப்பிய ஆள் பசையும் கூலியுமாக 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த அறையோடு பசை தீர்ந்துவிட்டது. சமையலறைக்கு நாளை வருகிறேன் என்றவர் பிறகு வரவேயில்லை. அழைத்து அழைத்துச் சலித்து, நாங்களே சமையலறையில் விரிப்பைச் சும்மா போட்டு, ஓரங்களில் மட்டும் ஒட்டுநாடா போட்டுவிட்டோம். அன்று அவரைத் திட்டினேன். இன்று திட்டமாட்டேன்.

பின்புற அறை பார்க்க ஒரு மாதம் அழகாக இருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் சுவரோரம் ஒரு புளித்த வாடை வந்தது. கார்த்திகையில் விரிப்பு நடுவில் உப்பியது. மிதித்தால் சேற்றில் மிதித்ததுபோல் மெத்தென்று அமுங்கியது. தை மாதம் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தபோது பசை மஞ்சள் கூழாகியிருந்தது, தரை முழுவதும் கரும்பூஞ்சை. விரிப்பின் மேற்பக்கம் மட்டும் புதிதுபோல் பளபளத்துக்கொண்டிருந்தது.

பொருள் கெட்டதென்று சொல்ல முடியாது. நாங்கள் செய்த காரியம்தான் கெட்டது. மலையில் சரிவை வெட்டித்தான் வீட்டிற்கு இடம் பண்ணுகிறோம். எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டிற்கும் இடையே மூன்றடிகூட இல்லை. அந்த மேட்டில் ஊறும் மழைநீர் சுவரின் அடியாகத் தரைக்குள் வருகிறது. அதோடு, அந்தத் தரைக்கு ஆடியில்தான் நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டார்கள். நல்ல வெயிலிலேயே ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பனிமூட்டத்தில் ஆறே வாரம் கிடந்த தரையின் மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கை ஒட்டினால், மேலே ஏறி ஆவியாக வேண்டிய நீர் அங்கேயே சிறைப்படாமல் என்ன செய்யும்? நல்ல முறையில் கட்டுபவர்கள் கான்கிரீட்டிற்கு அடியில் கனமான பாலிதீன் தாளை விரித்துவிடுகிறார்கள். எங்கள் மேஸ்திரி அதைச் செய்யவில்லை, கேட்க எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதையெல்லாம் ஒரு சோதனையால் முன்பே அறிந்திருக்கலாம். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ, ஒட்டும் விரிப்பு எதற்கும் அந்தத் தரை தயாராகவில்லை என்று பொருள். செலவு பத்து ரூபாய்கூட இல்லை. நான் இதைச் செய்தது 5,204 ரூபாயைத் தண்ணீரில் போட்ட பிறகு. பிய்த்தெடுத்த வினைலை என்ன செய்வது என்பது இன்னொரு தொல்லை. எரித்தால் நெஞ்சை அடைக்கும் அமிலப்புகை வரும், புதைத்தால் மக்காது. சுருட்டி விறகுக் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

சமையலறை வினைலோ இன்றுவரை நன்றாக இருக்கிறது. ஒட்டாததால் மாதம் ஒருமுறை ஒரு பக்கத்தைத் தூக்கிச் சன்னலைத் திறந்துவைக்கிறேன். அடியில் இருக்கும் ஈரம் அரைநாளில் போய்விடுகிறது. எண்ணெய் சிந்தினாலும் சாம்பார் கொட்டினாலும் ஒரே துடைப்பில் சுத்தமாகிறது. ஒரே குறை, மார்கழிக் குளிரில் குமுட்டியை உள்ளே கொண்டுவந்தபோது தெறித்த ஒரு தணல் கட்டைவிரல் அளவு ஓட்டை போட்டுவிட்டது. கரியடுப்பு மூட்டும் அறைக்கு வினைல் வேண்டாம். கரியடுப்பை மூடிய அறைக்குள் வைப்பதே கூடாது என்பது தனிச் செய்தி.

ஐப்பசி மழைக்கு முன்பே புது வீட்டைப் பார்க்க வந்தவர்களில், பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் பழைய பங்களாக்களில் மரவேலை பார்த்தவர். "அந்தக் காலத்துப் பலகைத் தரைக்குக் கீழே காலியிடம் விட்டு, வெளிச்சுவர்ல காத்து போக ஓட்டை வெச்சிருப்பாங்கம்மா. தரை மூச்சு விடணும்" என்றார். வெள்ளைக்காரர்கள் பலகை போட்டது பகட்டுக்காக என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல்தான் அடுத்த விரிப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவியது.

அது தேங்காய் நார் விரிப்பு. 12 அடிக்கு 14 அடி கூடத்திற்காகப் பொள்ளாச்சியில் ஒரு கடையில் நான்கடி அகலத்தில் நெய்த விரிப்பை 12 அடி நீளத்தில் மூன்று துண்டுகளாக வாங்கினோம். மொத்தம் 144 சதுர அடி. சதுர அடி 55 ரூபாய் என்ற விலையில் 7,920 ரூபாய். வாசலோரம் இரண்டடியை வெறும் தரையாகவே விட்டது செருப்பிற்கும் நனைந்த குடைக்கும் வசதியாயிற்று. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. அடியில் ரப்பரோ பிவிசியோ பூசிய நார் விரிப்பு பார்க்கக் கனமாக, நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈரத்தரையில் அதுவும் வினைலும் ஒன்றுதான். கயிறாகத் திரித்து வெறுமனே நெய்தது மட்டுமே இங்கே உதவும். அதன் இழைகளுக்கிடையே காற்று ஓடுகிறது. தேங்காய் நாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி என்பதால், பிற இயற்கை நார்களைப்போல் அது விரைவில் மட்குவதில்லை. நீரிலேயே கிடக்கும் தோணிக் கயிற்றுக்கும் வடத்திற்கும் நம் முன்னோர் இதைத்தானே தேர்ந்தெடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் கூடத்தில் கிடந்தும் பூஞ்சை பிடிக்கவில்லை. தூக்கிப் பார்த்தால் தரை இலேசாக ஈரம், விரிப்பு உலர்ச்சி.

குறைகள் இல்லாமல் இல்லை. வெறுங்காலில் குத்துகிறது, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை மட்டும் விரிக்க முடியாது. வெட்டிய ஓரங்களுக்குத் துணிப்பட்டை வைத்துத் தைக்காவிட்டால் ஒரே மாதத்தில் பிரிந்துவிடும். தூசு முழுவதும் இழைகளின் வழியே அடியில் இறங்கிவிடுவதால், வாரம் ஒருமுறை சுருட்டிப் பெருக்கியே ஆக வேண்டும். சுருட்டுவதற்கு இருவர் வேண்டும், அந்த இருவரில் ஒருவர் எப்போதும் முணுமுணுப்பார். ஒருமுறை குடத்து நீர் முழுவதும் கொட்டியதில் நாரின் சாயம் இறங்கித் தரையில் பழுப்புக் கறை படிந்துவிட்டது. சாம்பல் தரைக்கு அது ஒரு பொருட்டில்லை.

குத்தலுக்கு மாற்றாக, நார் விரிப்பின் நடுவே ஆறடிக்கு ஒன்பதடி பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்திருக்கிறேன். கூடுதுறைக்கு ஒரு காரியமாகப் போயிருந்தபோது அங்கேயே 1,850 ரூபாய்க்கு வாங்கியது. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் அந்தப் பெயரில் விசைத்தறிச் சரக்கும் நிறைய வருகிறது. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தால் கனத்திலேயே வேறுபாடு தெரியும். நார் விரிப்பின் சொரசொரப்பு ஜமக்காளத்தை நழுவவிடாமல் பிடித்துக்கொள்வதால், மாமியார் கைத்தடியோடு நடந்தும் ஒருமுறைகூட வழுக்கவில்லை. இவ்வளவு நல்லதற்கும் சேர்த்து ஒரு தண்டனை உண்டு. மழைக்காலத்தில் துவைத்தால் ஒரு வாரமானாலும் காயாது. துவைப்பதைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, பிறகு தை வரையில் தட்டி உதறிக்கொள்வதே வழி.

கோரைப்பாய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியின் வெயிலுக்கு அது வரம். இங்கே அதன் குளிர்ச்சி யாருக்கும் வேண்டாம்; ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாய்களும் கார்த்திகை முடிவதற்குள் பச்சைப் புள்ளி பூத்துவிட்டன.

நான் எதிர்பாராத வெற்றி, குழந்தைகள் விளையாட விற்கும் நுரை அட்டைகள். ஒன்றோடொன்று பல்போல் கோத்துக்கொள்ளும் இரண்டடிச் சதுரத் துண்டுகள் அவை. 10 அடிக்கு 10 அடி முன்புறப் படுக்கையறைக்குச் சரியாக 25 துண்டுகள். ஒன்று 160 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். வாங்கிய எல்லாவற்றிலும் காலுக்குக் கதகதப்பானது இதுதான், ஏனெனில் நுரைக்குள் அடைபட்ட காற்று தரையின் குளிரை மேலே வரவிடுவதில்லை. மார்கழியில் காலுறை இல்லாமல் அந்த அறையில் நிற்க முடிந்தது. இதுவும் காற்றை விடாத பொருள்தான் என்றாலும், வேண்டிய துண்டை மட்டும் கழற்றித் துடைத்து உலரவிட்டு மீண்டும் மாட்டிவிடலாம். முதல் வாரம் ரசாயன வாடை அடித்ததால் துண்டுகளைத் திண்ணையில் பரப்பிவைத்தோம். கட்டிலின் கால்கள் பதிந்த இடத்தில் நிரந்தரக் குழி விழுந்திருக்கிறது. நீலமும் சிவப்புமாக, அங்கன்வாடிபோல் இருக்கிறது என்று என் கணவர் சொல்வதை மறுக்க முடியவில்லை.

மேஸ்திரி இன்னும் வேலையை முடித்துக் கிளம்பாத வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்பூச்சுப் பூசும்போதே சிவப்பு ஆக்சைடு தூளைக் கலந்து தேய்க்கச் சொல்லிவிட்டால், விரிப்பே இல்லாவிட்டாலும் பார்வைக்குக் குறையில்லாத தரை கிடைக்கும். கைபழகிய கொத்தனார் வேண்டும், ஒரு வாரம் நீர்விட்டு ஆறவிடவும் வேண்டும். குளிர் என்னவோ அதே குளிர்தான்.

கடைசியில் சொல்லப்போகும் நைலான் பாய்கள் நீங்கலாக, விரிப்புகளுக்கு ஆக மொத்தம் எங்களுக்கு ஆன செலவு 21,886 ரூபாய். பின்புற அறையில் வீணானதைக் கழித்தால், இன்று பயனில் இருப்பவற்றின் விலை 16,682 ரூபாய். மீண்டும் முதலிலிருந்து வாங்குவதாக இருந்தால் கூடத்திற்கு நார் விரிப்பும் ஜமக்காளமும், படுக்கையறை இரண்டிற்கும் நுரை அட்டைகளும், சமையலறைக்கு ஒட்டாத வினைலும் வாங்குவேன். பசைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடமாட்டேன்.

பின்புற அறைக்கு, மாசியில் சுவருக்கும் மண்மேட்டிற்கும் இடையே வடிகால் வெட்டி ஜல்லி நிரப்பினோம். தை மாதச் சோதனையில் பாலிதீனின் அடியில் துளித்துளியாக நீர் நின்றது, பங்குனியில் தரை கறுத்திருந்தது, துளி இல்லை, சித்திரையில் உலர்ந்திருந்தது. வெயில் காலத்துச் சோதனையை நம்பி நுரை அட்டை வாங்கத் துணிவில்லை. ஐப்பசி மழை கழிந்து இன்னொருமுறை தாளை ஒட்டிப் பார்க்கும்வரை, அந்த அறைக்கு 700 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு நைலான் பாய்கள்தான்.