வழிகாட்டித் திட்டத்திற்குச் சான்றுரை: உறவினரா, நண்பரா?

1860இல் மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்த நம் குடும்பங்களில், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பது பழகிய கடமை. ஆதலால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், அனுபவமுள்ளவர் ஒருவர் இளையோருக்கு வழிகாட்டும் திட்டத்திற்கு விண்ணப்பிக்கும் இளையோர், தம்மைப் பற்றிய சான்றுரைக் கடிதத்திற்கு முதலில் பெரியப்பாவையோ அத்தையையோ நாடுவது இயல்பு. நோயுற்ற பாட்டியைக் கவனித்துக்கொண்டே அந்தப் பிள்ளை படித்ததை உறவினர்தாம் அறிவர். ஆனால் அவர்களது கடிதத்தில் பாசம் மிகுந்துவிடுகிறது. தேர்வாளர் அதை முழுமையாக நம்பத் தயங்குவார்.

உடன் உழைத்த நண்பரோ, கோயிலில் தீமிதித் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திய குழுவில் விண்ணப்பிப்பவர் தம் தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட விதத்தை, நிகழ்வோடு எடுத்தெழுத முடியும். கற்றுக்கொள்ளும் மனம் உண்டா என்பதைத்தான் வழிகாட்டுபவர் அறிய விரும்புகிறார் என்பதால், நான் நண்பரின் சான்றையே முதலில் வைப்பேன். உறவுமுறையை மறைக்காமல் எழுதும் அத்தையின் கடிதம் அதற்குத் துணையாக இருக்கட்டும்.